வாடகை ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு: சிங்கப்பூரும் ஸ்டுட்கார்ட்டும்

சிங்கப்பூரா ஜெர்மனியா என்று கேட்டு வரும் இளம் பொறியாளர்கள் முதலில் சம்பளத்தைத்தான் கேட்பார்கள். அந்தக் கணக்கை முதலிலேயே முடித்துவிடலாம். மாதம் 7,000 வெள்ளி வாங்கும் மென்பொருள் பொறியாளர் சிங்கப்பூரில் கட்டும் வருமான வரி, ஆண்டுச் சம்பளத்தில் ஐந்து விழுக்காட்டைக்கூட எட்டாது. ஸ்டுட்கார்ட்டில் ஆண்டுக்கு 60,000 யூரோ வாங்கும் மணமாகாத பொறியாளருக்கு வரி, ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு, வேலையிழப்புக் காப்பீடு எல்லாம் பிடித்தது போகக் கையில் வருவது மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. பாதிப் பேர் இந்த இடத்திலேயே முடிவெடுத்துவிடுகிறார்கள். சிங்கப்பூரில் முழு வீடு எடுத்தால் வாடகை அந்த மிச்சத்தில் எவ்வளவைக் கொண்டுபோகும் என்று மறுபடியும் கேட்பவர்கள் கொஞ்சம் பேர்தான்.

இரண்டு ஊரிலும் குடியிருந்து வேலை பார்த்தவன் நான். ஒப்பிடச் சொன்னால் சம்பளச் சீட்டை ஒதுக்கிவிட்டு வாடகை ஒப்பந்தத்தைத்தான் எடுத்துக் காட்டுவேன். சிங்கப்பூரில் வெளிநாட்டுப் பணியாளர்கள் போடும் இரண்டாண்டு ஒப்பந்தங்களில் ‘டிப்ளமேட்டிக் கிளாஸ்’ என்றொரு பிரிவு இருக்கும். தூதரகத்துக்கும் அதற்கும் இன்று சம்பந்தமில்லை. வேலை போய் அனுமதி அட்டை ரத்தானால், முதல் ஓராண்டு கழிந்தபின் இரண்டு மாத முன்னறிவிப்புக் கொடுத்து வீட்டைக் காலி செய்யலாம், முன்பணம் போகாது என்பதுதான் அதன் சாரம். வீட்டு ஏஜென்ட் இதைச் சலுகையாகச் சொல்வார். சலுகைதான், மறுக்கவில்லை. ஆனால் சாவி வாங்குகிற அன்றைக்கே கிளம்புகிற நாளுக்கும் சேர்த்து நாம் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம்.

ஸ்டுட்கார்ட்டில் வழக்கமான வாடகை ஒப்பந்தத்துக்கு முடிவுத் தேதியே கிடையாது. குடியிருப்பவர் மூன்று மாத முன்னறிவிப்பில் போகலாம். வீட்டுக்காரர் வெளியேற்ற வேண்டுமென்றால் சொந்தத் தேவை போன்று சட்டம் ஏற்கும் காரணம் வேண்டும். ஐந்தாண்டு குடியிருந்தவருக்கு ஆறு மாதமும், எட்டாண்டு குடியிருந்தவருக்கு ஒன்பது மாதமும் அவகாசம் தர வேண்டும். வீடு கிடைப்பதோ பெரும்பாடு. சம்பளச் சீட்டுகள், கடன் நம்பகச் சான்று, நம்மைப் பற்றி நாமே எழுதும் அறிமுகக் கடிதம் என்று ஒரு கட்டுக் காகிதம் அனுப்ப வேண்டும். வாயில் நுழையாத பெயர் என்றால் பல கடிதங்களுக்குப் பதிலே வராது. கடைசியில் வீடு கிடைத்துக் கதவைத் திறந்தால் சமையலறையில் நான்கு சுவர்களும் ஒரு தண்ணீர்க் குழாயும் இருக்கும். அடுப்பு, தொட்டி, அலமாரி எல்லாம் குடிவருபவர் பாடு. நான் முதலில் திட்டித் தீர்த்தேன். பிறகுதான் புரிந்தது, வருகிறவர் நீண்ட காலம் இருப்பார் என்ற எண்ணத்தில்தான் இந்த ஏற்பாடே நடக்கிறது.

அன்றாடத்தில் சிங்கப்பூர் தமிழருக்கு அத்தனை பக்கத்தில் இருக்கிறது, சட்டத்தில் கைக்கெட்டாத தூரத்தில் நிறுத்துகிறது. ஜெர்மனி அன்றாடத்தில் ஒவ்வொரு நாளும் அந்நியமாக இருக்கிறது, சட்டத்திலோ மெல்ல மெல்ல உள்ளே விடுகிறது. மற்ற வித்தியாசங்களில் பெரும்பாலானவை இந்த ஒன்றிலிருந்து கிளைத்தவை என்பது என் எண்ணம்.

சிங்கப்பூரில் முதல் வாரம் எப்படிக் கழிந்தது என்றே தெரியாது. பெண்டமியர் சாலையில் உள்ள மனிதவள அமைச்சின் சேவை நிலையத்தில் கைரேகையும் படமும் கொடுத்துவிட்டு வந்தால் அட்டை கூரியரில் வந்து சேரும். கைப்பேசியில் அரசின் மின் அடையாளமான சிங்பாஸ் ஏறிவிட்டால் வங்கி, மின்சாரம், இணையம் எல்லாம் அதன் பின்னாலேயே வரும். பெருவிரைவு ரயிலில் எச்சரிக்கைப் பலகை தமிழிலும் இருக்கிறது. தேக்கா ஈரச்சந்தையில் வாழைப்பூவும் அயிலை மீனும் கிடைக்கும், கறிக்கடைக்காரரிடம் நல்லி எலும்பு என்று தமிழிலேயே கேட்டு வாங்கலாம். தீபாவளிக்கு அரசு விடுமுறை. சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில் 1827இல் நாராயண பிள்ளை தொடங்கியது. தமிழ் முரசு 1935இலிருந்து வருகிறது. திருச்சிக்கு நேரடி விமானம், நான்கு மணி நேரத்துக்குச் சற்றே கூடக்குறைய. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் வெள்ளி இரவு கிளம்பித் திங்கள் காலையில் அலுவலகத்தில் உட்காரலாம். என்னோடு வேலை பார்த்தவர்கள் அப்படிப் போய் வந்திருக்கிறார்கள்.

ஸ்டுட்கார்ட்டில் முதல் வாரம் என்று ஒன்று கிடையாது, முதல் மூன்று மாதம்தான். குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும், அதை அங்குள்ள நம்மவர்கள் ‘ஆன்மெல்டுங்’ என்றே சொல்கிறார்கள். அது முடிந்தால்தான் வரி எண் வரும். வரி எண் தபாலில் வரும். வங்கி அட்டை ஒரு தபாலில், அதன் ரகசிய எண் இன்னொரு தபாலில். மருத்துவ அட்டையும் தபாலில்தான். வீட்டில் தொலைக்காட்சியே இல்லாதவருக்கும் மாதம் 18.36 யூரோ ஒலிபரப்புக் கட்டணம் கேட்டுக் கடிதம் வரும், கட்டித்தான் ஆக வேண்டும். பதிவுப் படிவத்தில் மதம் என்ற கட்டத்தில் கத்தோலிக்கர் என்று வெள்ளந்தியாக எழுதிய நாகர்கோவில் நண்பருக்கு முதல் சம்பளத்தில் ஒரு புது வரி பிடித்திருந்தார்கள். அது தேவாலய வரி. ஸ்டுட்கார்ட் இருக்கும் பாடன்-வுர்ட்டெம்பெர்க் மாநிலத்தில் வருமான வரியின் மேல் 8 விழுக்காடு. ஊரில் உண்டியலில் மனமுவந்து போடுகிறவர்தான், சம்பளச் சீட்டில் பார்த்ததும் ஆடிப்போய்விட்டார்.

இந்தக் கடிதங்களை நமக்குப் படித்துச் சொல்பவர் பெரும்பாலும் ஓர் ஈழத்தமிழர். இரு ஊரையும் ஒப்பிடும்போது பலரும் தவறவிடுவது இந்த உறவைத்தான், ஆகவே கொஞ்சம் நின்று சொல்கிறேன். 1983க்குப் பிறகு அகதிகளாக வந்தவர்கள் அவர்கள். உணவக அடுக்களைகளிலும் துப்புரவு வேலைகளிலும் முதுகொடிந்து, பிள்ளைகளை மருத்துவர்களாகவும் பொறியாளர்களாகவும் ஆக்கியிருக்கிறார்கள். ஜெர்மனியில் முருங்கைக்காயும் பச்சரிசி மாவும் நமக்குக் கிடைப்பது அவர்கள் போட்ட கடைகளால்தான். ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயிலின் பெரிய கோபுரக் கட்டடத்துக்கு 2002இல் குடமுழுக்கு நடந்தது. தேர்த்திருவிழாவுக்கு ஐரோப்பா முழுவதிலிருந்தும் கூட்டம் வரும், தீர்த்தத்துக்குக் கடல் இல்லாததால் பக்கத்திலுள்ள கால்வாயில் இறங்குகிறார்கள். அந்தச் சமூகம் ஆண்டுக்கணக்காகக் காத்திருந்து, விசாரணைகளில் நின்று வாங்கிய அனுமதியை நாம், படித்த வெளிநாட்டுப் பணியாளர்களுக்கான புளூ கார்டு விசா என்ற பெயரில் விமான நிலையத்திலேயே கையில் வைத்துக்கொண்டு இறங்குகிறோம். அந்த வேறுபாட்டை அவர்கள் நம்மிடம் சொல்லிக் காட்டியதில்லை. “தம்பி, உந்தக் கடிதத்தை எறிஞ்சுபோடாதையுங்கோ, அவங்கள் விடமாட்டாங்கள், திருப்பித் திருப்பி அனுப்புவாங்கள்” என்று கல்லாவிலிருந்தபடியே கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்த ஐயா ஒருவரிடம்தான் நான் பாதி ஜெர்மன் நிர்வாகத்தைக் கற்றேன்.

சிங்கப்பூரில் நமக்கு முன்னால் வந்த தமிழர்கள் வேறு வகை. மூன்று நான்கு தலைமுறைக்கு முன் துறைமுகத்திலும் தோட்டங்களிலும் சாலைப் பணியிலும் வேலை செய்தவர்களின் பேரப் பிள்ளைகள். இந்த நாடு அவர்களுடையது, அதற்காக அவர்கள் ராணுவச் சேவையும் செய்திருக்கிறார்கள். நேற்று வந்த தகவல் தொழில்நுட்பக்காரர் கொண்டோமினியத்தில் குடியேறி, அவர்களுடைய தமிழைக் கேட்டு உதட்டுக்குள் சிரிப்பதும், சாதியை ஜாடையாக விசாரிப்பதும் அவர்களுக்கு எரிச்சலூட்டுகிறது. ஊட்டத்தான் செய்யும். ஒரே கோயில் வரிசையில் நின்றாலும் இரு கூட்டமும் கலப்பது குறைவு. சிங்கப்பூரில் தமிழ் நிறைய இருப்பதாலேயே புதிதாக வந்தவருக்கு உள்ளூர்த் தமிழரின் தயவு தேவைப்படுவதில்லை. தயவு தேவைப்படாத இடத்தில் பழக்கமும் வளர்வதில்லை. ஸ்டுட்கார்ட்டில் ஒரு கடிதத்துக்காவது அந்த ஐயாவிடம் போக வேண்டியிருந்தது.

அலுவலகத்தைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. நிரல் எழுதுவது எங்கும் நிரல் எழுதுவதுதான். மதிய உணவு மேசையில் ஸ்டுட்கார்ட்டில் பேச்சு ஜெர்மனுக்கு மாறும், சிங்கப்பூரில் மாண்டரினுக்கு மாறும், இரண்டிலும் நாம் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்போம். விடுப்பில் மட்டும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். சிங்கப்பூர்ச் சட்டம் முதல் ஆண்டில் 7 நாள் ஊதிய விடுப்பைக் கட்டாயமாக்குகிறது, நல்ல நிறுவனங்கள் கூடுதலாகத் தருகின்றன. ஜெர்மனியில் ஐந்து நாள் வேலை வாரத்துக்குச் சட்டப்படி 20 நாள், நடைமுறையில் 30 நாள் வரை. விடுப்பில் இருக்கும்போது காய்ச்சல் வந்து மருத்துவச் சான்று வாங்கினால் அந்த நாள்கள் விடுப்புக் கணக்கில் திரும்ப ஏறிவிடும். இதை முதலில் கேட்டபோது யாரோ என்னைக் கேலி செய்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். நோயுற்றால் ஆறு வாரம் வரை முதலாளியே முழுச் சம்பளம் தர வேண்டும், அதன்பின் காப்பீடு. சிங்கப்பூரில் மருத்துவச் சான்றோடு எடுக்கும் ‘எம்சி’ ஆண்டுக்கு 14 நாள், மருத்துவமனையில் சேர்ந்தால் அதையும் சேர்த்து 60 நாள்.

மருத்துவத்திலோ சிங்கப்பூருக்குத்தான் என் வாக்கு, காசு இருக்கும்வரை. வீட்டுக்குக் கீழேயே கிளினிக், உட்கார்ந்தால் சற்று நேரத்தில் டாக்டர், மருந்தும் அங்கேயே. ஜெர்மனியில் தோல் மருத்துவரைப் பார்க்கப் பல வாரம் காத்திருக்க வேண்டும், குடும்ப மருத்துவரோ பாதிக் காய்ச்சலுக்கு மூலிகைத் தேநீர் குடிக்கச் சொல்லி அனுப்புவார். ஆனால் மனைவிக்குப் பிரசவம் என்று வரும்போது கணக்குத் தலைகீழாகும். ஜெர்மன் பொதுக் காப்பீட்டில் வேலைக்குப் போகாத துணையும் பிள்ளைகளும் கூடுதல் சந்தா இல்லாமலே அடக்கம். சிங்கப்பூரில் வெளிநாட்டவருக்கு அரசு மருத்துவமனையிலும் மானியம் கிடையாது.

இனி அந்த டிப்ளமேட்டிக் கிளாஸ் உண்மையிலேயே வேலை செய்யும் நாள். வேலை போகிறது. சிங்கப்பூரில் வேலை அனுமதியான எம்ப்ளாய்மென்ட் பாஸ் ரத்தானதும் 30 நாள் வருகை அனுமதி கிடைக்கும். அதற்குள் புது வேலை, புது விண்ணப்பம், அல்லது விமானம். வரித்துறையின் தடையின்மைச் சான்று வரும்வரை நிறுவனம் கடைசிச் சம்பளத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி, ஆகவே செலவு அதிகமாகும் மாதத்தில்தான் கை காலியாக இருக்கும். சேமநிதியான மசேநிதி குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும்தான். பிள்ளையின் பள்ளி, பாதியில் நிற்கும் ஒப்பந்தம், குளிர்பெட்டி, சோபா எல்லாவற்றையும் அந்த நாள்களுக்குள் முடித்துக்கட்ட வேண்டும். லிட்டில் இந்தியா பக்கத்துத் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் ‘அவசர விற்பனை’ என்று வரும் படங்களுக்குப் பின்னால் பல நேரம் இந்தக் கதைதான்.

ஸ்டுட்கார்ட்டில் வேலை போனாலும் கலக்கம் கலக்கம்தான், ஆனால் தரையில் கால் ஊன்றியிருக்கும். கடைசி 30 மாதத்தில் 12 மாதம் சந்தா கட்டியிருந்தால் நிகரச் சம்பளத்தில் 60 விழுக்காடு, பிள்ளை இருந்தால் 67 விழுக்காடு உதவித்தொகை வரும். புளூ கார்டு வைத்திருப்பவருக்கு வேலை தேட மூன்று மாதம், இரண்டு ஆண்டு தாண்டியவருக்கு ஆறு மாதம் என்று விதி. மாதாமாதம் பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்த அந்த மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட தொகை இப்போதுதான் முகம் காட்டுகிறது. ஊரில் பாட்டி சீட்டுப் போடுவதைப் போலத்தான், மாதம் கட்டும்போது வலிக்கும், எடுக்கும்போது புரியும்.

நிரந்தரமாகத் தங்குவதற்கான வழியும் இப்படியே பிரிகிறது. ஜெர்மனியில் புளூ கார்டுக்காரருக்கு 27 மாதத்தில் நிரந்தர அனுமதி, ஜெர்மன் மொழியில் பி1 தேர்ச்சி இருந்தால் 21 மாதம். 2024 ஜூன் 27 முதல் ஐந்தாண்டில் குடியுரிமை கேட்கலாம். அலுவலகங்கள் விண்ணப்பத்தை மாதக்கணக்கில் கிடப்பில் போடுவது வேறு கதை, ஆனாலும் என்ன தகுதி என்பது சட்டத்தில் அச்சாகி இருக்கிறது. சிங்கப்பூரில் நிரந்தரவாசத்துக்கு விண்ணப்பிக்கலாம், எதை வைத்து முடிவெடுக்கிறார்கள் என்று சொல்ல மாட்டார்கள், மறுத்தால் காரணமும் வராது. 2023 செப்டம்பரில் வந்த ‘காம்பஸ்’ புள்ளி முறையில் எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு 40 புள்ளி வேண்டும். நிறுவனத்தின் அதிகாரி நிலைப் பணியாளர்களில் விண்ணப்பதாரரின் நாட்டினர் 5 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் 20 புள்ளி, 25 விழுக்காட்டைத் தொட்டுவிட்டால் சுழியம். சாப்பாட்டு மேசையில் இந்திய முகங்கள் கூடக் கூட நம் புள்ளி குறைகிறது. அருகில் நம்மவர்கள் நிறைய இருப்பதன் விலை என்று இதைத்தான் நான் சொல்வேன்.

இதற்கு உள்ளூர்க் காரணம் உண்டு. 2005இல் இந்தியாவோடு போட்ட சீக்கா ஒப்பந்தத்தால்தான் வங்கிகளிலும் சாங்கி வணிகப் பூங்காவிலும் இந்தியர் நிரம்பிவிட்டார்கள் என்ற முணுமுணுப்பு, 2021 ஜூலையில் அமைச்சர்கள் நாடாளுமன்றத்தில் விளக்கம் சொல்லும் அளவுக்குப் போனது. அந்த வசைகள் உள்ளூரில் பிறந்த தமிழர் மீதும் விழுந்தன. ஜெர்மனியும் சளைத்ததல்ல. 2000இல் கணினி வல்லுநர்களுக்குக் கிரீன் கார்டு அறிவித்தபோது, வடக்கு ரைன்-வெஸ்ட்ஃபாலியா மாநிலத் தேர்தலில் நின்ற அரசியல்வாதி யுர்கன் ருட்கர்ஸ் இந்தியருக்குப் பதில் பிள்ளைகள் என்ற பொருளில் எதுகையோடு எழுந்த முழக்கத்தோடு தொடர்புபட்டுப் பேசப்பட்டார். அந்தத் தேர்தலில் தோற்றார், 2005இல் அதே மாநிலத்தின் முதல்வரும் ஆனார். 2007 ஆகஸ்டில் சாக்சனியின் முகெல்ன் ஊர்த்திருவிழாவில் எட்டு இந்தியர்களைக் கும்பல் துரத்தி அடித்தது. இவற்றுக்கெல்லாம் பிறகு 2024 அக்டோபரில் அதே ஜெர்மனி இந்தியத் திறன் பணியாளர்களுக்கான விசா எண்ணிக்கையை ஆண்டுக்கு 20,000இலிருந்து 90,000ஆக உயர்த்துவதாக அறிவித்தது. ஆள் வேண்டும் என்பதும் ஆள் பிடிக்கவில்லை என்பதும் இரு நாட்டிலும் ஒரே வாயிலிருந்து வருகின்றன.

துணைவர்களின் பாடு தனி. சிங்கப்பூரில் 2021 மே முதல், சார்ந்திருப்போர் அனுமதியில் வந்த துணை வேலைக்குப் போக வேண்டுமென்றால் பொதுவாகத் தனக்கென்று வேலை அனுமதி பெற வேண்டும். ஜெர்மனியில் புளூ கார்டுக்காரரின் துணை இறங்கிய நாளிலிருந்தே வேலை செய்யலாம், சட்டம் தடுக்காது. மொழி தடுக்கும். சென்னையில் பத்தாண்டு கணக்குப் பாடம் நடத்திய ஆசிரியை, இருபது வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஜெர்மன் பெயர்ச்சொற்களுக்குப் பால் மனப்பாடம் செய்துகொண்டிருப்பார். குளிர்காலத்தில் நாலரை மணிக்கே இருட்டிவிடும், ஞாயிற்றுக்கிழமை கடைகள் திறக்காது, பேச ஆளிருக்காது. கையில் நிரந்தர அனுமதியை வைத்துக்கொண்டே கோயம்புத்தூருக்குத் திரும்பிய குடும்பங்களை எனக்குத் தெரியும். அவர்களில் யாரும் சட்டத்தைக் குறை சொல்லவில்லை.

மகன் பிறந்துவிட்டால் சிங்கப்பூரில் இன்னொரு கேள்வி வரும். பெற்றோரோடு நிரந்தரவாசம் பெறும் ஆண்பிள்ளை 18 வயதில் இரண்டாண்டு தேசிய சேவை செய்ய வேண்டும். நாட்டில் பங்கு கேட்டால் பங்களிப்பும் கேட்பது நியாயம்தான். ஆனாலும் பையன் தொடக்கப்பள்ளியில் இருக்கும்போதே பெற்றோர் இதைப் பேச ஆரம்பித்து, அந்த விண்ணப்பத்தைப் போடாமலே ஆண்டுகளைக் கடத்துவார்கள். ஸ்டுட்கார்ட் பெற்றோரின் பேச்சு வேறு. ஒரு வயதிலிருந்தே பிள்ளைக்குக் குழந்தைகள் காப்பகமான ‘கீட்டா’வில் இடம் பெறும் உரிமை 2013இலிருந்து சட்டத்தில் இருக்கிறது, இடம்தான் இல்லை. பட்டியலில் எத்தனையாவது ஆள் என்பதுதான் பூங்காப் பேச்சு.

வாக்குரிமையிலும் இந்த வேறுபாடு தெரியும். ஸ்டுட்கார்ட் பொறியாளருக்கு முதல் வாக்கு, குடியுரிமைக்கு வெகு முன்பே, நிறுவனத்துப் பணியாளர் மன்றத் தேர்தலில் கிடைத்துவிடுகிறது. நான்காண்டுக்கு ஒருமுறை நடக்கும் அதில் எந்த நாட்டுக் கடவுச்சீட்டு என்று யாரும் கேட்பதில்லை. குடியுரிமை வாங்கினால் இந்தியக் கடவுச்சீட்டை ஒப்படைக்க வேண்டும், ஊரில் வாக்கு போய்விடும். சிங்கப்பூர் நண்பர்கள் எத்தனை ஆண்டானாலும் இந்தியக் குடிமக்கள்தான். வெளிநாட்டு வாக்காளராகப் பதிந்து, சாவடிக்கு நேரில் வந்தால் வாக்களிக்கலாம். 2024 ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை, தமிழ்நாட்டில் மக்களவைத் தேர்தல். வியாழன் இரவு திருச்சி விமானம் ஏறி, வாக்கைப் போட்டுவிட்டு, அப்பாவோடு இரண்டு நாள் இருந்துவிட்டு ஞாயிறு திரும்பினார் ஒருவர். ஸ்டுட்கார்ட்டில் கடவுச்சீட்டு மாற்றிக்கொண்ட இன்னொருவர் 2025 பிப்ரவரி 23 அன்று முதல்முறையாக ஜெர்மன் நாடாளுமன்றத்துக்கு வாக்களித்தார். எந்தக் கட்சிக்கு என்று கேட்டேன். குடியேற்றச் சட்டத்தைப் பற்றி எல்லாக் கட்சியும் எழுதியிருந்ததை அகராதி வைத்துப் படித்தாராம், முடிவை மட்டும் சொல்லவில்லை.